என் இரங்கல் கூட்டத்தில் என் உரை

அவைக்குத் தலைமையேற்று, தலை குனிந்து மௌனம் காத்த நடிகர் சங்கத் தலைவர் அவர்களே! எனக்காகக் கண்கலங்கிய பெரியோர்களே! கைக்குட்டையை இன்னும் இறக்காத தாய்மார்களே! நான் கதவைத் திறந்ததும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்ட ஒளிப்பதிவாளர் தம்பி அவர்களே! உயிரோடு வந்திருக்கும் அடியேனின் வணக்கம்.

பயப்படாதீர்கள் அம்மா, கால் தரையில்தான் இருக்கிறது.

அதிர்ச்சி உங்களுக்கு மட்டுந்தானா? எனக்கில்லையா? தொலைபேசி எடுக்காத மலையடிவாரத்தில் படப்பிடிப்பை முடித்துவிட்டு இன்று காலை பேருந்தில் வந்து இறங்குகிறேன், சுவரெல்லாம் என் முகம்! எந்தச் சுவரொட்டியிலும் மூலையில்கூட இடம்பெறாத முகம், இன்று நட்டநடுவில்! பூரித்துப்போய் அருகே சென்று படிக்கிறேன். 'ஆழ்ந்த இரங்கல்.' என் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது ஐயா!

இது எப்படி நேர்ந்தது? திரையில் நான் சாகாத சாவா? கத்தியால் செத்தேன், கயவனால் செத்தேன், கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டுமே என்பதற்காகவே பலமுறை செத்தேன்! அப்படி ஒரு சாவைத்தான் மலையடிவாரத்திலும் எடுத்தார்கள். மீதிக் காட்சியை ஊரில் எடுக்கும்போதும் காயம் அதே இடத்தில் இருக்கவேண்டுமல்லவா? அதற்காக உதவி இயக்குநர் என்னைப் படமெடுத்து, எனக்கு முன்னே ஊர் திரும்பியதும் ஒப்பனைக்காரருக்கு அனுப்பினார். கை தவறி அது சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. என் நடிப்பை முதன்முறையாக எல்லோரும் நம்பிவிட்டீர்கள்!

நம்பாதவள் என் மனைவி ஒருத்திதான். அழுதுகொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னாளாம்: "அவரு மாசத்துக்கு ரெண்டு தடவ சாவுறவருக்கா. சாயங்காலம் வந்து காபி கேப்பாரு பாருங்க."

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் அவளிடம் உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? செயலாளர் தம்பியிடம் வாசலில் கேட்டேன். "உங்க வீடு எங்கன்னு யாருக்குமே தெரியலண்ணே" என்கிறார். இந்தச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள்! இந்த வார்த்தையில்தான் ஐயா நான் உண்மையாகவே செத்தேன்.

அதைவிடப் பேரிடி ஒன்று. அடுத்த படத்தில் எனக்கு அப்பா வேடம். முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை வரும் வேடம். வாழ்நாளெல்லாம் காத்திருந்து கிடைத்த வேடம்! உடை அளவு கொடுக்கத் தையல்காரரைக் கூப்பிட்டால், முதலில் அலறினார். பிறகு, "அந்தச் சட்டைய வேற ஒருத்தர் அளவுக்குத் தெச்சாச்சே சார்" என்றார். செத்த சேதியின் ஈரம் காய்வதற்குள் ஆள் மாற்றிவிட்டார்கள்!

அந்தப் படத்தின் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில்தானே இருக்கிறீர்கள்? நான் கதவுக்கு வெளியே நின்றபோது இதே ஒலிபெருக்கியில் முழங்கினீர்கள், என் இடத்தை இன்னொருவர் நிரப்பவே முடியாது என்று. நிரப்பவே முடியாத இடத்தை நேற்றே நிரப்பியது யார்? நீங்கள் பேசியது நெஞ்சிலிருந்தா, நாக்கிலிருந்தா? இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், அந்த வேடம் எனக்கா, இல்லையா?

எழுந்திருக்கிறார். கைதட்டாதீர்கள், பதில் வரட்டும். அவரிடம் மைக்கைக் கொடுங்கள்.

"உங்களுக்குத்தாண்ணே. திங்கக்கெழம காலைல வந்துடுங்க."

கேட்டீர்களா? கேட்டீர்களா! இதை முதலில் மனைவியிடம் சொல்லவேண்டும். என் சாவுக்கு இத்தனை பேர் திரண்டுவந்தீர்களே, நன்றி. படத்துக்கும் வாருங்கள். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். கடைசிக் காட்சியிலும் நான் உயிரோடு இருப்பேன். வணக்கம்!