விரிதாளில் வண்டுகளை வாழவைத்த பேராசிரியைக்கு

கட்டங்களுக்குள் காட்டையே காட்டிய கல்விச் செல்வரே! மரபணுவின் மறைபொருளை மாணவர் மனங்கொள வைத்த மாண்பாளரே! இன்று பணி ஓய்வு பெறும், பிள்ளைகள் வாஞ்சையோடு அழைக்கும் எங்கள் ‘கட்டம் டீச்சரே’! வணக்கம்.

கணக்குக்குப் பயந்து உயிரியலுக்கு ஓடிவந்த பிள்ளைகளைக் கைப்பிடித்து, மீண்டும் கணக்கிடமே கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை தங்களுடையது! கணினி விரிதாளின் மேல்வரிசையில் மனிதனின் மரபணு எழுத்துகள், பக்கவாட்டில் எலியின் எழுத்துகள். பொருந்தினால் கூட்டு, பொருந்தாவிட்டால் கழி. கட்டம் கட்டமாக நிரப்பி, எலி நமக்கு உறவு என்று தாமே கண்டு அவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்ததுண்டு.

அந்தப் பாடத்துக்கும் ஒருநாள் ஆபத்து வந்தது. பாடத்திட்டக் குழுத் தலைவர் அதை நீக்கிவிடும் முடிவோடு கணினி அறைக்குள் நுழைந்தார்.

“எக்செல் ஷீட்டுல என்னம்மா பரிணாமம்? விலை உயர்ந்த மென்பொருள் எவ்வளவோ இருக்கே?”

“அதுல பொத்தானை அழுத்தினா விடை வந்துடும் சார். எப்படி வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாமா? உட்காருங்க, பச்சை வண்டு வேணுமா, பழுப்பு வேணுமா?”

குரல் கணீரென்றிருந்தது.

தலைவர் பச்சையைத் தேர்ந்தார். விரிதாளில் இரு நிறத்திலும் சில வண்டுகள்; விசையை ஒருமுறை தட்டினால், எவை பெருகும் என்பது குலுக்கலில் முடிவாகி ஒரு தலைமுறை கடக்கும். தட்டத் தட்டப் பச்சை குறைந்தது. குறைந்து, அற்றே போனது.

“ஐயோ, என்ன தப்பு பண்ணுச்சு என் வண்டு?”

“ஒரு தப்பும் பண்ணல சார். சின்னக் கூட்டம், அதிர்ஷ்டம் கைவிட்டுடுச்சு. கூட்டத்தைப் பெரிசாக்கித் தட்டுங்க.”

பெரிதாக்கித் தட்டினார், தலைமுறைகள் கடந்தும் பச்சை தாக்குப்பிடித்தது. தலைவரின் முகம் மாறியது.

“அப்போ காட்டைத் துண்டு துண்டா வெட்டினா…”

“அதேதான் சார். ஒவ்வொரு துண்டுலயும் கூட்டம் சின்னதாயிடும், உங்க வண்டு மாதிரியே அழிஞ்சிடும்.”

சாப்பாட்டு வேளை கடந்தும் அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப முடியவில்லை! நீக்க வந்த பாடத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிட்டுப் போனார். அதை நடத்தவென்று வேலைக்கு வந்தவர்கள்தாம் எங்களில் பாதிப் பேர். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதில் தங்களுக்கும் பங்குண்டு, தாயே!

முன்வரிசையில் வீற்றிருக்கும் தங்கள் கணவர் காலையில் எங்களை ஓரமாக அழைத்து, “நாளையிலேர்ந்து அவ பாடம் நடத்த வீட்டுல நான் ஒருத்தன்தானே இருக்கேன்?” என்று கவலையோடு கேட்டார். ஆமாம் ஐயா! தேர்வும் உண்டு, விடுப்புதான் கிடையாது!

நோய் அண்டாத உடலும் நகை மாறாத முகமுமாய் இருவரும் நெடிது வாழ்க! மாணவர் நிறைந்தால் நாற்காலி போதாத அந்தக் கணினி அறைக்குள் எப்போது வந்தாலும், நாங்கள் எழுந்து இடம் தருவோம்.

தங்கள் அன்பில் நனைந்த
உயிரியல் துறை ஆசிரியர்கள், அலுவலர்கள்