இரண்டடி பின்னால்

கதவைச் சாத்துங்கள். குறுக்கே பேச விரும்புகிறவர்கள் வெளியே போய்ப் பேசலாம். என் தோழியின் தங்கை கணவருக்கு நேர்ந்ததை, நேர்ந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பிற்பகல் இரண்டே கால். கிடங்குகளுக்கு நடுவே போகும் நீண்ட சாலை... ஆளில்லை, நிழலில்லை. அவர் டி.வி. மெக்கானிக். மூன்று வாரத்துக்கு முன் இறந்த தம்பியின் அறையைக் காலி செய்துவிட்டுத் தம் கடைக்கு நடந்துகொண்டிருந்தார். பையில் தம்பியின் பழைய வீடியோ கேம் பெட்டி. அதனுடன் ஒரே ஒரு கேசட்.

அந்த விளையாட்டில் வருபவன் வெறும் சதுரங்களால் ஆனவன். மூன்றே நிறம். கண்ணுக்கு ஒரு புள்ளி, வாய் கிடையாது. முகத்தை முழுதாக வரைந்துவிட்டால் அது யாரோ ஒருவனுடைய முகம். புள்ளி மட்டும் இருந்தால்... மீதியை நாமே வரைந்துகொள்கிறோம். அண்ணனும் தம்பியும் நாற்பது வயது கடந்தும் அதை விடாததற்கு அதுவே காரணம்.

கடையில் ஒரு டி.வி.யுடன் பெட்டியை இணைத்தார். தம்பி விட்ட இடத்திலேயே விளையாட்டு திறந்தது. சிறிய உருவம் பள்ளத்தின் விளிம்புவரை நடந்தது... நின்றது... இரண்டடி பின்னால் வந்தது. பிறகு தாவியது.

"ட்யுங்."

தம்பி மட்டும்தான் அப்படி விளையாடுவான்.

சத்தம் கேட்டு, பின்கட்டிலிருந்து மனைவி வந்தாள்.

"யாருங்க விளையாடுறது?"

"நான் தொடல. ரெண்டு கையும் இங்கதான் இருக்கு, பாரு."

அவள் திரையைப் பார்த்தாள்.

"உயிரோட இருந்தப்பவே சாப்பிடக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டாரு உங்க தம்பி," என்றாள். சிரிக்க முயன்றாள்... முடியவில்லை.

மறுநாள் உருவத்தின் இடது காலில் ஒரு சதுரம் இல்லை. அதற்கு மறுநாள் இன்னொன்று. அவருக்குப் புரிந்துவிட்டது. கேசட்டுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. விட்ட இடத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துகொண்டிருந்தது. கழற்றினால் எல்லாம் அழியும். கழற்றாவிட்டாலும் அழியும். மின்சாரம் ஓடும்போதே பழையதை எடுத்துப் புதியதை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும்; கை நடுங்கக் கூடாது.

அவர் கை நடுங்கியது. தள்ளிப்போட்டார்.

ஆறாம் நாள், உருவத்துக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. ஆனாலும் நகர்ந்தது... விளிம்பில் நின்றது... இரண்டடி பின்னால் வந்தது. தாவ முடியவில்லை. மீண்டும் பின்னால் வந்தது. மீண்டும்.

"இன்னிக்கு மாத்திடுறேன். நீ உள்ள போ, பேச்சுக் குடுக்காத," என்றார்.

உள்ளே இருந்தவளுக்கு ஈயப் புகை மணந்தது. "ட்யுங்" என்றது... சற்றுப் பொறுத்து, இன்னொரு "ட்யுங்".

அந்த நேரத்தில்தான் நானும் தோழியும் கடைக்குள் நுழைந்தோம். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் தாங்கியில் புகைந்துகொண்டிருந்தது. புதிய பேட்டரி உறை பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. நாற்காலி காலி. மனைவி திரைக்கு எதிரே அசையாமல் நின்றாள்.

"எங்கம்மா உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

"விளையாடிக்கிட்டு இருக்காங்க, டீச்சர்."

மரியாதைப் பன்மை என்றே எடுத்துக்கொண்டேன். கணவரை அப்படிச் சொல்வது வழக்கம்தானே? பிறகு திரையைப் பார்த்தேன்.

இரண்டு உருவங்கள். விளிம்பில் நின்றன... சேர்ந்தே இரண்டடி பின்னால் வந்தன. முன்னால் நின்ற பழைய உருவத்துக்கு இப்போது குறை ஏதும் இல்லை.

பின்னால் நின்றதன் இடது காலில் ஒரு சதுரம் இல்லை.