எச்சில் குழுவின் வாளி

சோப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே முழங்கை வரை ஒரு தடவை, குளியலறையில் தலை முதல் கால் வரை ஒரு தடவை, சாப்பிட உட்காருவதற்கு முன் நகக்கண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு தடவை. "இப்படித் தேய்ச்சா கைரேகையே அழிஞ்சு போகும்பா. அப்புறம் ஆபீஸ் மிஷின்ல விரலை வெச்சா நீங்க யாருன்னே அதுக்குத் தெரியாது" என்று என் மகள் கிண்டல் செய்வாள்.

அடைத்துக்கொண்ட சாக்கடையைத் திறந்துவிடுவது என் வேலை. ஊரில் யார் என்ன தின்றார்கள், எதை மறைத்தார்கள், எதைக் கழுவித் தள்ளினார்கள் என்பதெல்லாம் கடைசியில் என் கைக்குத்தான் வரும். அதை விவரிக்க வேண்டாம். ஸ்டேஷனில் என் எதிரில் உட்கார்ந்தபோது நீங்களே கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. தப்பாகச் சொல்லவில்லை ஐயா, எல்லாரும் அப்படித்தான்.

"எழுதத் தெரியுமா?" என்று கேட்டீர்கள். தெரியும். தலை நரைத்த பிறகு மகள்தான் கற்றுக்கொடுத்தாள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

அவள் அம்மா என் வாடை தாங்காமல் அண்ணன் வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே தாங்காது. குழந்தையை நான்தான் வளர்த்தேன். அவள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ள வருவாள். "கிட்ட வராதே" என்று கத்துவேன். குளித்துவிட்டு வந்து கூப்பிட்டால், அதற்குள் கோபித்துக்கொண்டு தூங்கியிருப்பாள். என் துணிக்குத் தனி ஆணி, தனி வாளி. அவள் விரல் அதில் பட்டதே கிடையாது. படித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க மெத்தென்ற துணியால் கண்ணாடி துடைக்கிற வேலை. ஒரு நாள் கடைக்கு வெளியே நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் வந்துவிட்டேன். அவ்வளவு சுத்தமான கடை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் பழகப் போவதாகச் சொல்வாள். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

மேஜை நாற்காலி விற்கிற கடைக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கடைக்கு அடியில் இருக்கிற தளத்தில் தண்ணீர் போகாமல் எதிர்த்து வருகிறதாம். போனேன். அடைப்பை எடுக்கும்போதே புளித்துப்போன வாடை. சிகரெட் துண்டு, சூயிங்கம், பழத்தோல், சளி. வீட்டுச் சாக்கடையில் இதெல்லாம் இப்படிக் கலந்து வராது.

"கீழ என்ன முதலாளி, ஓட்டலா?"

"ஓட்டலா? நல்லா கேட்டே போ. மூணு பேர் வாடகைக்கு எடுத்து ராக் பாட்டு பாடுறாங்க. பெரிய மேடையில எவன் இவங்களை ஏத்துவான்? இந்த மாதிரி பொந்துலதான் பாடுவாங்க. ஒருத்தன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிட்டே பாடுவான். இன்னொருத்தன் ஓட்டைக் குளியல் தொட்டியில படுத்துக்கிட்டு கிதார் வாசிப்பான். மேல என் அலமாரியெல்லாம் தானா திறந்துக்குது."

"குழாய்ல இதெல்லாம் எப்படி வந்துச்சு?"

கடைக்காரர் சிரித்தார். "அதுதான் வாளி. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி ஒரு வாளி பின் வரிசையிலிருந்து கிளம்பும். ஆளாளுக்குத் துப்புவாங்க, குடிச்சுட்டு மீந்ததை ஊத்துவாங்க. முன்னால வந்ததும் மூணு பேரும் தூக்கிக் குடிப்பாங்க. மிச்சத்தைத்தான் இங்க கொட்டுறாங்க. இதைப் பார்க்க படிச்ச பசங்க வரிசையில நிக்குதுப்பா."

படிச் சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எச்சில். அதுதான் குழுவின் பெயர். கீழே மூன்று பேர் படம். தாடி வைத்தவன் ஒருவன், ஒல்லியானவன் ஒருவன். நடுவில் டிரம்ஸுக்குப் பின்னால் என் பழைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் மகள்.

அது தொலைந்துபோனதாக நினைத்துக்கொண்டிருந்த சட்டை.

அன்று சாயங்காலம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஆமாம்பா, நான்தான் டிரம்ஸ். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"வாளி?"

"நான் முழுங்க மாட்டேன். சும்மா உதட்டுல வெச்சு எடுத்துடுவேன். தாடியும் ஒல்லியும்தான் நெஜமா குடிப்பாங்க."

"எதுக்குக் குடிக்கணும்?"

"உங்களுக்காகத்தான்பா." இதைச் சொல்லும்போது அவள் முகம் பளிச்சென்று இருந்தது. "ஊர் அழுக்கெல்லாம் உங்க தலையில விழுது. யாருக்காவது உறைக்குதா? அவங்க துப்பினதை அவங்க கண்ணு முன்னாலயே எடுத்துக் குடிச்சா ஒரு நிமிஷமாவது உறைக்கும்ல. பாட்டெல்லாமே உங்க வேலையைப் பத்தித்தான். ஒரு தடவை வந்து கேளுங்களேன்."

அவளுக்கு எது படக்கூடாது என்று ஆயுசு முழுக்கத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேனோ, அதை அவள் நகை மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு வழியில்லாததால் குழியில் இறங்கினேன். இவர்கள் கைதட்டலுக்கு இறங்குகிறார்கள். மறுநாள் அவள் பரிமாறும்போது விரல்களைப் பார்த்தேன், தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அவள் குடித்த டம்ளரை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். அப்புறம் அவளுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். அவள் கவனித்தாள். மறுநாளிலிருந்து அதிலேயே குடித்தாள்.

அந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் இவள் சரியாகிவிடுவாள் என்று எனக்குப் பட்டது. இதில் தப்பு இருப்பதாக எந்தத் தகப்பனும் சொல்ல மாட்டான். துப்பலும் மீந்த குடியும் அழுக்கே இல்லை ஐயா, அது விளையாட்டு. நெஜ அழுக்கு வாய்க்குள் போனால் வயிறு கலங்கும், நாலு நாள் படுப்பார்கள், வாளியைக் கண்டாலே குமட்டும், கச்சேரி நின்றுவிடும். மகள் முழுங்க மாட்டாள். கணக்கு அவ்வளவுதான்.

இறைச்சி வெட்டுகிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது. எலிகள் அங்கேதான் குடும்பம் நடத்துகின்றன. கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நின்ற தண்ணீரை ஒரு பிளாஸ்க்கில் பிடித்தேன். பிளாஸ்க்கின் வெளிப்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மகளிடம் வருவதாகச் சொல்லிவிட்டு ஞாயிறு மதியம் போனேன். மகள் படியிலேயே காத்திருந்தாள். என் சட்டை, என் பழைய ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்ததும் சின்ன வயதில் வருகிற மாதிரி ஓடி வந்தாள். பாதியில் தானே நின்றுகொண்டாள்.

"வந்துட்டீங்களா. சத்தம் உங்களுக்கு ஆகாதுன்னு பின்னாடி கதவுகிட்ட சேர் போட்டிருக்கேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா, ஒண்ணு சொல்றேன். பார்த்துட்டு உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேணாம்னு ஒரு தலையாட்டு ஆட்டுங்க போதும். அந்த நிமிஷமே விட்டுடுறேன். சத்தியமா. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

தாடிக்காரன் வந்து கும்பிட்டான். "ஐயா வந்தது எங்களுக்குப் பெருமைங்க. இவ ஒரு வாரமா தூங்கல" என்றான். ஒல்லி என் பக்கத்தில் வந்து நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் செருப்பைப் பார்த்தான். அவன் மேலெல்லாம் புளித்த வாடை. துணி துவைப்பதில்லை என்று குழுவுக்கு ஒரு சபதமாம்.

பிளாஸ்க்கை அப்படியே திருப்பி எடுத்துப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவள்தான் விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டாளே. ஆனால் அவ்வளவு தூரம் சுமந்து வந்துவிட்டேன். இவள் போனால் அவர்கள் இன்னொருத்தன் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவார்கள் என்றும் நினைத்தேன். முதலில் நினைத்தது சுமை. இன்னொருத்தன் பெண் பிற்பாடு வந்த நினைப்பு.

பாட்டு எப்படி என்று கேட்காதீர்கள். மாடு கத்துகிற மாதிரி ஒருவன், தகரத்தை இழுக்கிற மாதிரி ஒருவன். நடுவில் என் மகள் அடித்தது மட்டும் எனக்குப் புரிந்தது. சாக்கடை மூடியைக் கடப்பாரையால் தட்டித் தட்டித் தளர்த்துகிற தாளம் அது. எங்கேயிருந்து கற்றாளோ. வியர்வை, கூச்சல், ஒருவர் மேல் ஒருவர் விழுவது. குழியில் எனக்கு இவ்வளவு குமட்டியதில்லை.

கடைசியில் விளக்கைக் குறைத்தார்கள். வாளி பின் வரிசையிலிருந்து கிளம்பும் என்று கடைக்காரர் சொன்னது சரிதான். பின் வரிசையில் கடைசி சேர் என்னுடையது. ஒரு பெண் வாளியை என்னிடம் நீட்டி, "நீங்கதான் ஆரம்பிக்கணும் அங்கிள், மகள் சொல்லியிருக்கா" என்றாள். ஊற்றினேன். "ஐயோ, காபியா? வேஸ்ட் பண்றீங்களே" என்று சிரித்தாள். என்னிடமிருந்து அது முன்னால் போனது. ஒவ்வொருவராகத் துப்பினார்கள்.

தாடி குடித்தான். ஒல்லி குடித்தான். மகளும் குடித்தாள்.

அடுத்த வாரம் மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளித்தது. சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரியில் ஒல்லி முதலில் போனான், பிறகு தாடி. சேர்த்த அன்றே டாக்டர் என்னிடம், "இவங்க யாராவது சாக்கடைத் தண்ணியில இறங்கினாங்களா?" என்று கேட்டார். என் மகள் படுக்கையிலிருந்தே, "இல்ல டாக்டர், அப்பாதான் இறங்குவார். நாங்க வாளியிலதான் குடிச்சோம்" என்றாள். டாக்டர் முகத்தைச் சுளித்தார். துப்பியவர்களையெல்லாம் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் சரியான மருந்தை முன்னாலேயே ஆரம்பித்திருப்பார்களாம். அந்தக் குழித் தண்ணீரால் இந்தக் காய்ச்சல் வரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதையும் சரியாக எழுதிவிடுகிறேன். என்னோடு வேலை செய்த கூட்டாளி அதே குழியில் வழுக்கி விழுந்து ஒரு வாய் முழுங்கினான். அவனுக்கும் முதலில் காய்ச்சல், பிறகு மஞ்சள் கண். எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதை அவன் மனைவிக்கு எடுத்துச் சொன்னதே நான்தான். ஊரில் எத்தனையோ குழி இருக்க, அந்தக் குழிக்குத்தான் நான் பிளாஸ்க்கோடு போனேன்.

மகள் எல்லோருக்கும் கடைசியாகப் போனாள். அதுவரை நான்தான் உடம்பு துடைத்துவிட்டேன். "கையை நல்லா கழுவிக்கோங்கப்பா, உங்களுக்கு ஒட்டிக்கப் போகுது" என்பாள்.

கடைக்காரரை விட்டுவிடுங்கள். அவர் குழாயில் தப்பில்லை.

மகள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டீர்கள். உதட்டில் வைத்து எடுப்பாள் என்று நம்பினேன், அந்தச் சத்தத்தில் கத்தினாலும் கேட்டிருக்காது என்று சொன்னேன். அது பொய். வாளி முன்னால் வந்ததும் வாத்தியத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது யாரும் மூச்சு விடுவதில்லை. அவள் வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, அத்தனை தலைகளுக்கு மேலே என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். "இன்னிக்கு நெஜமாவே குடிக்கப்போறேன், அப்பா வந்திருக்காரு" என்றாள். காத்திருந்தாள். வேண்டாம் என்று ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் அவள் கேட்டது.

என் சட்டையில், ஊரான் எச்சிலுக்கு வாயைத் திறந்துகொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. குடி என்று தலையசைத்தேன். மகள் என்கிற நினைப்பு, அவள் சிரித்துக்கொண்டே வாயைத் துடைத்த பிறகுதான் வந்தது.