பத்தொன்பது வருஷத்து மண்

ஆகஸ்ட் வெயிலில் தேநீரை மூடி வைக்கக் கூடாது. எங்கள் மலையில் இது எல்லோருக்கும் தெரியும். தேநீர் என்றதும் உங்கள் கோப்பையைப் பார்க்காதீர்கள், பக்வின் அம்மா. நான் சொல்வது கஞ்சாச் செடியின் வேருக்கு ஊற்றும் சத்துநீர். மண்புழு உரத்தைத் துணியில் முடிந்து தொட்டித் தண்ணீரில் தொங்கவிடுவோம். கடற்பாசி, மீன் கழிவு, கொஞ்சம் கரும்புப் பாகு சேர்ப்போம். அடியில் பம்பு வைத்து ராப்பகலாகக் காற்றைக் குமிழவிடுவோம். குமிழி நின்றால் அழுகிவிடும். அழுகிய தொட்டிக்குள் விஷவாயு கட்டும், ஆள் இறங்கக் கூடாது.

என் கூட்டாளி ஓரினும் நானும் வடக்கு கலிபோர்னியாவில் இந்தச் சரிவை வாங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. விற்பதும் கணக்குப் பார்ப்பதும் அவன் வேலை. மண் என் வேலை. நாங்கள் மண்ணை வெளியே கொட்டியதே கிடையாது. வசந்தம் வந்தால் பழைய மண்ணைத் தார்ப்பாயில் பரப்பி, மக்கிய ஓக் இலை, நொறுக்கிய சிப்பி, நெல் உமி, ஆட்டுப் புழுக்கை எல்லாம் கலந்து மறுபடி குழியில் போடுவேன். கஞ்சாவை அனுமதித்துச் சட்டம் வந்தது, விலை விழுந்தது, அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் இருந்தோம். அந்த மண்ணைத் தவிர எங்களிடம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

கொரோனா வந்து போனதிலிருந்து ஓரினுக்கு வாசனை தெரியாது. தேநீரை மூக்கால்தான் சோதிக்க வேண்டும். அதனால் தொட்டி மேல் ஏறி நின்று கத்துவான்.

"டேய் எமெட், என் மூக்கு எங்கடா போய்த் தொலைஞ்சுது? வந்து மோந்து சொல்லு."

"உன் சமையலுக்கு இது எவ்வளவோ தேவலைடா" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஜூலை கடைசியில் இலை ஓரம் கருகியது. மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கிளறிப் பார்த்தேன், ஒரு புழு இல்லை. கொட்டகையில் ஒரு மூட்டை ரசாயன உரம் கிடந்தது. ஓரின் வாங்கியது. எனக்குத் தெரியாமல் அவன் போட்டிருக்கிறான், பத்தொன்பது வருஷத்தை ஒரே மாதத்தில் கொன்றுவிட்டான், அந்த ஆத்திரத்தில் செய்தேன். அப்படித்தான் உங்களிடம் காலையில் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை பம்பின் வயரைப் பிடுங்கி, மூடியை அழுத்திச் சாத்தினேன். உள்ளே மீன் குடல் நிறைய இருந்தது. சனிக்கிழமை தண்ணீரை வடித்துவிட்டு, அடி வண்டலைச் சுரண்ட வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டேன். சுரண்டியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"இறங்கலாமாடா? எப்படி இருக்கு?"

மூடியைத் திறந்து குனிந்தேன். கண் எரிந்தது.

"மழை பெஞ்ச காடு மாதிரி இருக்கு. இறங்கு" என்றேன்.

உள்ளே இறங்கி ஒரு தடவை இருமினான். சுரண்டி விழுந்த சத்தம் கேட்டது. தக்காளிச் செடிகள் வாடியிருந்தன, அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு உங்கள் போலீஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வேதனையில் என் குரல் நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிஜம்தான்.

இப்போது ஆய்வகத்துக் காகிதத்தை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். உர மூட்டையின் தையலே பிரிக்கப்படவில்லை, மண்ணில் இருப்பது கடல் உப்பு என்கிறீர்கள். சரிதான். கடற்பாசியை நானேதான் கடற்கரையில் அள்ளி வருவேன். ஓடையில் மூன்று தடவை அலசிவிட்டுத்தான் போடுவேன். இந்த வருஷம் ஓடை வறண்டுவிட்டது. அலசாமல் போட்டேன், அதுவும் வழக்கத்தைவிட இரண்டு பங்கு.

அது எப்போது தெரிந்தது என்று கேட்கிறீர்கள். வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்த அன்றே தெரியும். ஓரினுக்கும் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனே பேச்சை எடுத்தான்.

"உன் கடற்பாசிதாண்டா இது. ஓடை காஞ்சு போச்சு, நீ என்ன பண்ணுவ? அந்த உரத்த நான் பீச் மரத்துக்குத்தான் வாங்கினேன், நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. நாலு மழை பெஞ்சா உப்பு இறங்கிடும். திரும்பப் பண்ணலாம் விடு."

அவன் சொன்னது சரி. நாலு மழையில் மண் தேறியிருக்கும். இந்த மலையில் எமெட்டைவிட மண் தெரிந்தவன் இல்லை என்று பத்தொன்பது வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், எழுந்து வந்து, குழந்தைக்குச் செய்வது போல என் முதுகில் தட்டிக் கொடுத்தான்.

அதற்காகத்தான், அம்மா. மண்ணுக்காக இல்லை.