அஞ்சு மைல் முன்னாடி

இல்லண்ணே, உங்க பொண்ணக் கூப்பிட வேணாம். கதவச் சாத்திக்கிட்டே இருக்கட்டும். நான் வந்ததே உங்ககிட்ட பேசத்தான். நீங்க துணிய மடிங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டுப் போறேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவரு நீங்க. ஒரு டிரைவர் பேச்சு இன்னொரு டிரைவருக்குத்தான் புரியும். ஆமா, நானும் டிரைவர்தான். தொப்பி போட்டுக்கிட்டா மட்டும் வேற என்னவாம்.

இந்த ஒத்தத் தாள்தாண்ணே. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை. அதுக்குள்ள உங்க பொண்ணு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும். விமானம் ஓட்டுன நானும் அவளும், ரெண்டு பேருமே தப்பான ரன்வேய நம்ம ரன்வேன்னு நெனச்சு எறங்கிட்டோம். அவ்வளவுதான் எழுதியிருக்கு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா பாப்பாவுக்கு மூணு மாசம் சஸ்பெண்டு, அப்புறம் திரும்பப் பறக்கலாம். அத விட்டுட்டு, தப்புன்னு நான் சொன்னேன், கேப்டன்தான் கேக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கா பாருங்க, அதுலயே நின்னான்னா கஷ்டம். அவ பேச்சு ஒரு பக்கம், என் பேச்சு ஒரு பக்கம். நான் இருபத்திரெண்டு வருஷம், அவ பதினோரு மாசம். யாரு சொல்றது பொய்யின்னு முடிவு பண்ணுவாங்கன்னு நீங்களே சொல்லுங்க. பொய் சொன்ன பைலட்டுன்னு பேரு வந்துட்டா எந்தக் கம்பெனியும் வாசப்படி ஏத்தாது.

மெரட்டலண்ணே. மெரட்டுற ஆளு மாதிரியா இருக்கேன்.

எப்படித் தப்பு நடந்துச்சுன்னு கேக்கறீங்க. நியாயம்தான். பெரிய ஏர்போர்ட்டுன்னா கருவியே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி எறக்கி விட்டுரும். நாங்க போறதெல்லாம் சின்ன எடங்கண்ணே. ஒரு நாளைக்கு ரெண்டு விமானம் வந்தாலே அதிகம். டிக்கெட் கிழிக்கறவரே பெட்டியும் தூக்குவாரு. மேனேஜரு செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருப்பாரு, நம்ம சத்தம் கேட்டதும் குழாய மூடிட்டு, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கிட்டே ஓடியாருவாரு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்ட ஒரு துணிப்பை கட்டியிருப்பாங்க. அது கிழிஞ்சு நாலு மாசமாத் தொங்கும். மாத்துங்கய்யான்னா, எழுதிப் போட்டிருக்கோம் சாரும்பாங்க. அங்கல்லாம் கண்ணாலதான் எறக்கணும். ஆத்துப் பாலம் தாண்டினா வேகத்தக் கொற, பள்ளிக்கூடத்துக் கூரை தெரிஞ்சாச் சக்கரத்த எறக்கு. நீங்க மட்டும் என்ன, போர்டப் படிச்சா பஸ்ஸ நிறுத்துனீங்க? பெட்டிக்கடையப் பாத்துத்தானே பிரேக்குல கால வச்சீங்க. அதேதான்.

அந்த ஊருல எனக்கு அடையாளம் செங்கச்சூளைப் புகைபோக்கி. அத எடது பக்கம் விட்டு நேராப் பாத்தா ரன்வே. இருபத்திரெண்டு வருஷமும் அப்படித்தான். கம்பெனில எனக்குக் கண்ணு கேப்டன்னே பேரு. புதுசா வர்றவங்ககிட்ட எல்லாம், எத்தன மைல் இருக்குன்னு காட்டற அந்தப் பொட்டியையே பாத்துக்கிட்டு இருக்காத, தலையத் தூக்கி வெளிய பாருன்னு சொல்லுவேன். உங்க பொண்ணுகிட்டயும் சொன்னேன். அவளும் மொதல்ல சரி சார், சரி சார்னுதான் இருந்தா. ஆனா ஓரக்கண்ணால அந்தப் பொட்டியப் பாத்துக்கிட்டேதான் இருப்பா. உங்க வளர்ப்பு.

அன்னிக்கு சாயங்காலம். சூரியன் நேரா மூஞ்சில அடிக்குது. புகைபோக்கி தெரிஞ்சுது, ரன்வேயும் தெரிஞ்சுது, எறக்கிட்டேன். சக்கரம் தரையத் தொட்டப்புறந்தான் பாக்கறேன், தார் வெடிச்சு, நடுவுல புல்லு மொளச்சுக் கெடக்கு. அது பழைய மைதானம்ணே. எப்பவோ மூடிப் போட்டது. நம்ம ரன்வேக்கு அஞ்சு மைல் முன்னாடி, அதே தெசையில. அது ஓரத்துல எவனோ புதுசா ஒரு சூளை போட்டிருக்கான். நமக்கு வேண்டிய நீளத்துல பாதி கூட இல்ல. எதிர்ல ஒருத்தர் பொண்டாட்டிக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்துக்கிட்டு இருக்காரு. அந்தம்மா எங்களப் பாத்துட்டு, இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி வழி விட்டுச்சுண்ணே. கத்துக்கிட்டது வீண் போகல.

சிரிங்க, பரவால்ல. அப்ப எனக்கும்தான் சிரிப்பு வந்துச்சு. வேலிக்கு இருபதடி இருக்கறப்ப நின்னுச்சு. ஒரு டயர் வெடிச்சதோட சரி. நாப்பத்தோரு பேரு, ஒருத்தருக்கும் கீறல் இல்ல.

அவ சொன்னாளா இல்லையா. அதத்தானே கேக்கறீங்க. என் காதுல விழலண்ணே. அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். எஞ்சின் சத்தம், எறங்கற நேரம், ஆயிரம் இருக்கும். காதுல ஹெட்போன் மாட்டியிருக்கும், ஆமா. பஸ்ஸுல கண்டக்டர் விசிலடிச்சு உங்களுக்குக் கேக்காம போனதே கெடையாதா? கெடையாதா. சரி.

நானும் சொல்லிடறேண்ணே. எனக்கு இத விட்டா ஒரு வேலையும் தெரியாது. மூணு வாரமாக் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, குளிச்சு, யூனிபார்ம மாட்டிக்கறேன். எங்க கெளம்பிட்டீங்கன்னு வீட்டுக்காரி கேக்கறா. எங்கயும் இல்லன்னு சொல்லிட்டு ஷூவோட ஹால்ல உக்காந்துக்கறேன். அவ காப்பியக் கொண்டாந்து வைக்கறா. திட்டினாக்கூடத் தேவல. ஓய்வுக்கு இன்னும் ரெண்டே வருஷம். எச்சரிக்கைய மீறி எறக்குனான்னு ஆச்சுன்னா லைசென்ஸே போயிரும். தெரியாம ரெண்டு பேரும் எறக்குனோம்னா சஸ்பெண்டோட முடிஞ்சிரும். அதுக்குத்தாண்ணே இந்தத் தாளத் தூக்கிட்டு அலையறேன். உங்க கால்ல வேணாலும் விழறேன்.

எந்திரிக்காதீங்க. விழல, விழல. உக்காருங்க.

என்னது? கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டாளா. எப்ப, இன்னிக்குக் காலையிலயா. அப்ப இவ்வளவு நேரம் நான்... ஏன் போடறாளாம்?

திருப்பிச் சொல்லுங்கண்ணே. சொன்னேனா, இல்ல சொல்லணும்னு மனசுக்குள்ள நெனச்சதோட சரியான்னு அவளுக்கே இப்பத் தெரியலயா. அவளே சொன்னாளா அப்படி.

குளிக்கப் போனா குழாயத் தெறந்து விட்டுட்டு சொல்லிச் சொல்லிப் பாக்கறாளா. கேப்டன், அஞ்சு மைல் இருக்கு, கேப்டன், அஞ்சு மைல் இருக்குன்னு. என் குரல் இப்படித்தான் இருந்துச்சாப்பான்னு உங்களக் கேட்டாளா. நீங்க என்ன சொன்னீங்க.

கேப்டன் மேல வீணாப் பழி போட்டுட்டேனோன்னு அழறாளா.

அந்தத் தாளக் கொஞ்சம் குடுங்க. இல்ல, அவகிட்ட எடுத்துட்டுப் போக வேணாம், பேனாவ வைங்க. வைங்கண்ணே.

மூணு தடவ சொன்னா. மொதல்ல, கேப்டன், அஞ்சு மைல் இருக்குன்னு மெதுவா. ரெண்டாவது, இது நம்ம ரன்வே இல்ல சார்னு. மூணாவது நல்லா சத்தமாவே சொன்னா, மேல ஏத்துங்க, மேல ஏத்துங்கன்னு. வாய மூடிட்டு வெளிய பாரும்மான்னு நாந்தான் சொன்னேன். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.

விமானத்துல நாங்க பேசறதப் பதியற கருவில இது ஏன் இல்லன்னா, அது கடைசி ரெண்டு மணி நேரத்தத்தாண்ணே வச்சுக்கும். கரண்ட் இருக்கற வரைக்கும் பழசு மேலயே புதுசப் பதிஞ்சுக்கிட்டுப் போகும். கரண்ட்ட நிறுத்திட்டா அதோட நின்னுரும். ஜனங்க எல்லாம் இருபது நிமிஷத்துல எறங்கிட்டாங்க. நான் எறங்கல. கரண்ட் நிக்காம இருக்க ஒரு எஞ்சின ஓட விட்டுட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். ரேடியோவுக்காக ஓட விட்டேன்னு அதிகாரிகிட்ட சொன்னேன், அவரும் எழுதிக்கிட்டாரு. உங்க பொண்ணுக்கு அது தோணவே இல்ல. கேப்டன் ஒடஞ்சு போயி உக்காந்திருக்காருன்னு நெனச்சிருக்கா. யார்கிட்டயோ ஒரு பாட்டில் தண்ணி வாங்கிட்டுப் படியேறி வந்து, மூடிய அவளே தெறந்து, குடிங்க சார், யாருக்கும் ஒண்ணும் ஆகலல்லன்னு நீட்டுனா. வாங்கிக் குடிச்சேன். அப்ப ரெண்டு மணி நேரம் முடிய இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் பாக்கி இருந்துச்சு.