‘விடு’ என்னும் ஏவல்

மார்ச் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியலில் சிறு தூறல் இருந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் கலைந்து இளவெயில் பரவிவிட்டது. ஈரச் செருப்போடு மருத்துவமனைக்குள் நுழைவது எனக்குப் பிடிக்காது. வாசல் கால்மிதியில் நன்றாகத் துடைத்த பிறகே உள்ளே சென்றேன்.

விசாரணை அலுவலர் அவர்களே, தங்கள் அறிக்கையை வாசித்தேன். அதில் ஒரு வரி பிழையானது: “மூத்த பணியாளர் கூறிய சொல் தெளிவற்றதாக இருந்தமையால் விபரீதம் நேர்ந்தது.” நாற்பத்தொரு வயதில் இலக்கணம் கற்றுத் தேர்வெழுதித் தேறியவன் நான். மருத்துவமனையின் கணினிப் பிரிவில் என்னை ‘வாத்தியார்’ என்றே அழைப்பார்கள். என் சொல்லில் தெளிவின்மை இருந்ததில்லை. அதை நிறுவவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வலைப்பின்னலில் பதினாறாயிரம் கருவிகள் இணைந்துள்ளன: கணினிகள், அச்சுப்பொறிகள், கதவுப் பூட்டுகள், நோயாளிகளின் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர்கள். எது எங்கே இருக்கிறது என்றறிய, ஒவ்வொரு முகவரிக்கும் ‘நீ யார்?’ என்றொரு கேள்வி அனுப்ப வேண்டும். நான் ஒன்றைக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, அதன்பின் அடுத்ததைக் கேட்பேன். முழுச் சுற்றுக்கு ஒன்பது நாள்கள் ஆகும். எவரும் குறை சொன்னதில்லை.

சென்ற ஆண்டு சேர்ந்த இளம்பெண் பொறியாளர் அந்தக் காத்திருப்பையே நீக்கிவிட்டார். அவர் எழுதிய நிரலின் ஒரு பாதி அடைமழைபோல் கேள்விகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். மறுபாதி வரும் பதில்களைப் பொறுக்கி அடுக்கும். ஒன்பது நாள் வேலை முப்பத்தைந்து நிமிடத்தில் முடியும். “வாத்தியாருக்கு இனிமே ஓய்வுதான்” என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றுமுதல் சிலவற்றைக் கவனித்தேன். நான் அருகே சென்றால் அந்தப் பெண்ணின் திரையில் வேறு பக்கம் தோன்றும். அவர் மேலாளர் அறைக்குச் சென்றால் கதவு சாத்தப்படும். ஒருநாள் என் மேசைக்கே வந்து நின்றார்.

“அண்ணே, எந்தக் கருவி எப்படி நடந்துக்கும்னு உங்களுக்குத்தான் அத்துப்படி. மண்டைக்குள்ள பூட்டி வெச்சிருக்கறதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், புண்ணியமாப் போகும்.”

பிழிந்து முடித்த சக்கையை எங்கே போடுவார்கள் என்பதை நான் அறிவேன். “எழுத என்னம்மா இருக்கு, எல்லாம் பழங்கதை” என்றேன்.

எழுத ஒன்று இருந்தது. நான்காவது மாடி இதயப் பிரிவின் மானிட்டர்கள் பழையவை. ஒரே நேரத்தில் பல கேள்விகள் வந்தால் திணறி உறைந்துவிடும். திரை இருளாது; கடைசியாகக் காட்டிய எண்களையே காட்டிக்கொண்டிருக்கும். அபாய மணியும் ஒலிக்காது. ஏழாண்டுகளுக்கு முன், ஆளில்லாத ஒரு கட்டிலருகே இதைக் கண்டறிந்தேன். எவரிடமும் சொல்லாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அந்த மாடியை மட்டும் தவிர்த்து வந்தேன். ஓர் இரகசியமாவது கைவசம் இல்லாதவனை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது.

கேள்விகளை அனுப்புவதை எங்கள் பிரிவில் ‘விடுதல்’ என்போம். ‘தவிர்த்துவிடு’ என்றும் அச்சொல்லுக்குப் பொருளுண்டு. மார்ச் பதினொன்று காலை பத்தரை மணிக்கு, தம் நிரலை முதன்முறையாக இயக்குவதற்கு, அவர் விசைப்பலகையில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“நீங்க சொல்லாம நான் எதையும் தொடமாட்டேன்ணே. முதல் மாடி?”

“விடு.”

“ரெண்டாவது?”

“விடும்மா.”

“மூணாவது? மேலாளர் கம்ப்யூட்டர் அங்கதான். அது நின்னுச்சு, என் தலைதான் உருளும்.”

“உருண்டா உருளட்டும், விடு.”

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நாலாவது மாடி ஹார்ட் வார்டு. எதையாவது ஒதுக்கி வைக்கணுமாண்ணே?”

“விடு.”

‘அந்த மாடியை விட்டுவிடு என்ற பொருளில் சொன்னேன்’ எனத் தங்களிடம் கூறினேன். நம்பினீர்கள். அவர் வேலையிழந்தார். உண்மை வேறு. மும்முறை ஒரே பொருளில் வந்த சொல் நான்காம் முறை பொருள் மாறாது. ‘அனுப்பு’ என்றே சொன்னேன். அவரும் அவ்வாறே புரிந்துகொண்டார்.

அவர் மேலாளருக்கு எழுதிய கடிதத்தைத் தாங்கள் எனக்குக் காட்டினீர்கள். வாத்தியாரண்ணன் இல்லாமல் இந்த நிரலை இயக்கக்கூடாது, அவருடைய பணிக்காலத்தை மூன்றாண்டு நீட்டிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சாத்திய கதவுக்குள் பேசப்பட்டது இதுவே என்றீர்கள். எத்தனை நயமாக வலை விரித்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

இவ்வளவு சொன்னபின் எஞ்சியதை மறைப்பது முறையன்று. ‘விடு’ என்றதும் நான் படியேறி நான்காவது மாடிக்குச் சென்றேன். ஒன்பதாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் சாய்ந்திருந்தார்.

“என்ன சார், பெட்டியப் பாக்க வந்தீங்களா, என்னையவா?”

“பெட்டியைத்தான்.”

“நல்லாப் பாருங்க. வீட்டுக்காரியவிட இதுதான் என்னைய அதிகமா முறைக்குது.”

“இந்த வாய்க்கு ஒரு ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க சார்” என்றபடி அவர் மனைவி மருந்துச் சீட்டோடு கீழே சென்றார்.

செவிலியர் மேசையின் பெரிய திரை அருகே நின்றேன். பத்து நாற்பத்தேழுக்கு எண்கள் யாவும் நின்றன. ஒன்பதாம் கட்டிலுக்கு நேரே எழுபத்திரண்டு. செவிலியர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னைக்கு எல்லாரும் சமத்தா இருக்காங்க சார்.”

“ஆமாம்மா” என்றேன்.

யாரேனும் பதறிக் கூவ வேண்டும், நான் முன்வந்து சரிசெய்ய வேண்டும், என் முறையின் அருமை விளங்க வேண்டும். என் எண்ணம் அவ்வளவே. எவரும் கூவவில்லை. நானே சொன்னால், முன்பே எனக்குத் தெரியும் என்பது வெளிப்பட்டுவிடும். ஆகவே காத்திருந்தேன். கண்ணாடித் தடுப்பின் வழியே ஓட்டுநரின் கை போர்வைக்கு வெளியே இருமுறை எழுந்ததைக் கண்டேன். அழைப்பு மணியைத் தேடியிருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். அதற்குப் பொருள் கூறும் தகுதி எனக்கில்லை.

அவர் மனைவி மருந்துப் பையோடு திரும்பிவந்து, “என்னங்க” என்று அழைத்தார். மறுபடியும் அழைத்தார். ஓட்டுநர் கண் திறக்கவில்லை; பெரிய திரையில் அவருக்கு நேரே அப்போதும் எழுபத்திரண்டு. சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்று நான்கு.