சுருதி குடுக்குறவ

— தாப்பாளத் தொறக்காத மலரு. சத்தியமா சொல்றேன், வெளிய நிக்கிறது அவருதான்.

— எவருடி? நான் இந்த லேப் ரூமு வாட்ச்மேனுன்னுல்ல நெனச்சேன்.

— முத்துவேல் மாமா. எங்க அக்கா புருஷன். என்னைக் கூட்டிட்டுப் போவ வந்திருக்காரு.

— ஆத்தாடி, பாட்டுக் கேக்க வந்திருப்பாருடி.

— நான் பாடுறதே எங்க வூட்டுல தெரியாது. பூத்துலேர்ந்து போன் போட்டு, ஸ்பெஷல் கிளாஸுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— இந்தா பாரு நர்மதா, போட்டியில அடுத்தது நம்ம காலேசுதான். ஆர்மோனியம் கூடாது, தபலா கூடாது, கையக்கூடத் தட்டக் கூடாதுன்னுட்டானுவ. வெறும் தொண்டைய நம்பி வந்திருக்கோம். நான் வாயாலயே தவில் அடிக்கிறவ, எனக்குச் சுருதி எங்க தெரியும்? நீ மொத சத்தம் குடுத்தாத்தான் மேடையோரம் நிக்கிற மத்தவளுவ வாயத் தொறப்பாளுவ. அரியலூர்லேர்ந்து பஸ்ஸேறி வந்தது, பெரம்பலூரு மேடையில முழிச்சிக்கிட்டு நிக்கவா?

— தெரியுதுடி.

— அப்ப ஒரு தடவ குடு, பாப்போம்.

— ம்... வரலடி.

— நர்மதா.

— கேட்டியா? அவரு குரலுதான்.

— நர்மதா, கதவத் தொற. பேசணும்.

— சார், இது பொம்பளப் புள்ளைங்க துணி மாத்துற ரூமு. அந்தாண்ட போங்க.

— தெரியும்மா. இங்கயே நிக்கிறேன்.

— போவ மாட்டாரு மலரு. சத்தியமா போவ மாட்டாரு.

— அப்படி என்னதான்டி பயம்? மாமன்தானே, புலியா?

— அக்கா செத்து வருசம் திரும்பப் போவுது. கருமாதியன்னிக்கு அக்காவோட பாப்பா வீறிட்டு அழுதுச்சு. பந்தல் நெறைய ஆளு, ஒருத்தரும் தூக்கல. மனசு கேக்காம நான் தூக்கிட்டேன். டக்குனு வாய மூடிட்டு என் தோள்ல சாஞ்சிடுச்சு.

— சித்திகாரி தூக்கினா என்ன தப்பு?

— பங்காளிங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. "புள்ளையே சொல்லிடுச்சு, வருசம் கழியட்டும், சின்னவளயே குடுத்துடுவோம்"னு எங்கப்பா அங்கயே எழுந்து நின்னு சொல்லிட்டாரு.

— நீ சரின்னியா?

— என்னை யாரு கேட்டா? தூக்கினதே சரின்னு ஆயிடுச்சு.

— இவரு என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லல. அன்னைலேர்ந்து யாருகிட்டயும் பேசறதில்ல. அதாண்டி பயம். கத்துற ஆளுன்னா பதிலுக்குக் கத்தலாம்.

— நர்மதா, நேரம் இல்ல.

— மாமா, உங்க காலுல வேணா விழுறேன். பாடி முடிச்சிட்டு நானே வந்துடுறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க.

— உங்கப்பா வந்திருக்காரு.

— எங்க?

— உள்ள. மொத வரிசையில.

— அய்யோ! அவருக்கு யாரு சொன்னா?

— பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. உன் பேரு இருக்கு.

— ஆத்தாடி, நாந்தாண்டி உன் பேரப் பெருசாப் போடச் சொன்னேன்.

— சும்மா இரு மலரு. மாமா, அப்பா தனியாவா வந்திருக்காரு?

— ஜெயங்கொண்டத்துலேர்ந்து வேன் பிடிச்சிருக்கு. உங்க பெரியப்பா, விக்கிரமங்கலம் சித்தப்பா, எல்லாரும்.

— பங்காளிங்க எல்லாருமா? பாட்டுக் கேக்கவா?

— இல்ல.

— பாப்பா எங்க மாமா?

— உங்கப்பா மடியில.

— ஏ நர்மதா, சபையில ஏதோ புள்ள அழுவுதுடி. இந்த அழுகைக்கு நடுவுல சுருதி எப்படி நிக்கும்? அது தன்கூட நம்மள இழுத்துக்கிட்டுப் போயிடுமே.

— அது பாப்பாதான். எனக்குத் தெரியும் அந்த அழுகை. மாமா, நீங்க தூக்கிட்டு வெளிய போங்களேன்.

— குடுக்க மாட்டேங்குறாரு.

— உங்க புள்ளைய உங்ககிட்டயா?

— காலையிலேர்ந்து பாலும் குடுக்க விடல.

— எதுக்கு?

— அழணும்னு.

— என்ன மாமா சொல்றீங்க?

— நீ மேடைய விட்டு எறங்குற எடத்துல புள்ளைய நீட்டுவாரு. எல்லாரும் பாக்க. பசியில கத்துற புள்ளைய நீ வாங்காம இருக்க மாட்ட. வாங்கிட்டா நேரா வேன்ல ஏத்தி கோயிலுக்கு. மாலை கட்டியாச்சு.

— மேளம் அடிக்கிறதுக்கு என்னையும் கூப்பிடுவாங்களா சார்? மனுசங்களா இவங்க?

— அதுக்குத்தானே மாமா நீங்களும் வந்திருக்கீங்க? என்னை அப்படியே இழுத்துட்டுப் போவத்தானே?

— என்னைக் கேக்காமலே எனக்கும் வேட்டி எடுத்திருக்கு. வேன்ல கெடக்கு.

— அப்ப நான் மேடைக்கே போவல. இந்த ரூம விட்டு வர மாட்டேன். மலரு, ஜன்னல் தொறக்குமா பாரு.

— கம்பி போட்டிருக்குடி. நர்மதா, கேட்டியா, நம்ம காலேசு பேரச் சொல்லிட்டாங்க. ரெண்டாவது தடவையும் கூப்பிடுறாங்க. இதுக்கு மேல கதவத் தொறக்காம முடியாது.

— இரு மலரு, தொறக்காத.

— தொறந்துட்டேன். நீ என் கையப் புடிச்சுக்க. சார், வழி விடுங்க.

— போம்மா. நான் புடிக்க வரல.

— மாமா... என்ன மாமா இப்படி எலும்பாயிட்டீங்க?

— மொதல்ல சுருதி குடு. அழுகையக் கேக்காத.

— கேக்குதே மாமா. எறங்கி வரும்போது அவ ரெண்டு கையையும் நீட்டுவாளே. என்னைக் கண்டாலே நீட்டுவா.

— நீட்டுவா.

— நான் வாங்கலன்னா அப்பா அவள உங்ககிட்ட குடுத்துடுவாரா?

— கல்யாணம் இல்லன்னா புள்ள இனிமே அவரு வூட்டுலதானாம். என் கண்ணுல காட்ட மாட்டாராம். வேன்லயே சொல்லிட்டாரு.

— அப்ப நான் என்னதான் பண்ணட்டும் மாமா?

— இந்தத் தடவ தூக்காத.